விரல் அறிந்த நாச்சியார்

ஸ்ரீமுஷ்ணத்தில் என் பெரியம்மா வீட்டு நாச்சிமாரைப் பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். நின்றபடி பார்த்தால் தேக்கு மண்டபத்தின் குட்டி விமானமும், அதன் விளிம்பில் தொங்கும் பூச்சரமும்தான் கண்ணில் படும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையை இரண்டு விரற்கடை தாழ்த்தினால், உள்ளே நிழலும் பொன்னும் கலந்த ஒரு மெல்லிய வெளிச்சத்தில் மூன்று திருமேனிகள் நம் கண்ணுக்கு நேரே வந்து நிற்பார்கள். நடுவில் பெருமாள். அவருக்கு இருபுறமும் உபய நாச்சிமார், ஸ்ரீதேவியும் பூதேவியும். பெருமாளைச் சேவித்துவிட்டு, அவர் அனுமதியோடு, இன்று நாச்சிமார் இருவரையும் மட்டும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், வாருங்கள்.

வைணவ வீடுகளில் இந்த மண்டபத்துக்குக் கோயிலாழ்வார் என்று பெயர். தாங்கி நிற்கிற மரத்தையும் ஆழ்வார் என்று அழைக்கிற அந்த வாஞ்சை எனக்கு எப்போதும் பிடிக்கும். பெரியம்மா வீட்டுக் கோயிலாழ்வார் கூடத்தின் மேற்குச் சுவரில் கிழக்குப் பார்த்து இருக்கிறார். முற்றத்தில் இறங்கும் காலை வெயில், தரையில் பட்டுத் தெறித்து, கீழிருந்து மேலாக உள்ளே போகும். நேரடி வெயிலின் முரட்டுத்தனம் அதில் இல்லை. முதலில் பீடத்துத் தாமரை இதழ்கள் விழித்துக்கொள்ளும், பிறகு கொசுவத்தின் மடிப்புகள், பிறகு இடை, கடைசியாகத்தான் திருமுகம். இந்த வரிசையில் ஒரு விக்ரகத்தைப் பார்க்கக் கிடைப்பது பெரும் பேறு. யார் இந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுக்கு வெளிச்சத்தின் நடை தெரிந்திருக்கிறது.

ஊர்ப் பெருமாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. தானாகவே தோன்றிய எட்டுத் திருத்தலங்களில் ஸ்ரீமுஷ்ணமும் ஒன்று. ஸ்ரீரங்கம், திருமலை, வானமாமலையோடு சேர்த்து எண்ணப்படுவது. சாளக்கிராமத் திருமேனியான பூவராகர் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, மேற்கு நோக்கி நின்று, முகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருப்பார். பூமியை மீட்டு வந்தவரின் அந்த நிற்கும் தோரணையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. தனிச் சன்னதியில் அம்புஜவல்லித் தாயார். பன்றி முகப் பெருமாளுக்கு உகந்தது என்று கோரைக்கிழங்கைப் பிரசாதமாகத் தருகிற ஊர் இது. மண்ணைக் கிளறினால் கிடைப்பதைப் படைத்து, மண்ணையே நாச்சியாராகக் கொண்டாடுகிற ஊர். அதனால்தானோ என்னவோ, இந்த வீட்டில் எனக்குப் பூதேவியின் மேல் ஒரு பிடி கூடுதலாகவே பிரியம்.

அளவில் சிறியவர்கள். ஸ்ரீதேவியும் சரி, பூதேவியும் சரி, பீடம் நீங்கலாக ஆறங்குலம் இருப்பார்கள். வீட்டில் வைத்துப் பூஜிக்கும் திருமேனி கட்டைவிரல் கணு அளவிலிருந்து ஒரு சாண் வரை இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று மத்ஸ்ய புராணம் சொல்கிறது. பெரிய திருமேனிக்குப் பெரிய ஆராதனை வேண்டும் என்று பெரியவர்கள் இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றும். ஒரு சாண் என்பது விரிந்த கை. ஒரு கையால் எடுத்து, மறு கையால் பாதம் தாங்கி, மார்போடு அணைத்துக் கூடத்தைக் கடந்து போக முடிகிற அளவு. கோயில் திருமேனி தூரத்திலிருந்து சேவிப்பதற்காக வார்க்கப்பட்டது. கருவறைக்கு வெளியே நிற்பவனுக்கும் அதன் புருவம் தெரிந்தாக வேண்டும். வீட்டுத் திருமேனி, உள்ளங்கையின் தூரத்துக்காக வார்க்கப்பட்டது.

இவர்கள் சுவாமிமலையிலிருந்து வந்தவர்கள். பெரியம்மாவின் மாமனாருடைய தகப்பனார் வாங்கிக்கொண்டு வந்தாராம். சுவாமிமலை ஸ்தபதிகள் அளவுகோலை நம்பி வேலை தொடங்குவதில்லை. தென்னை ஓலையில் ஒரு துண்டைத் திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். தேவியருக்கு மத்திம தசதாளம்: உயரம் முழுவதும் 120 பங்கு. ஆறங்குலத் திருமேனியில் ஒரு பங்கு என்பது ஒன்றேகால் மில்லிமீட்டர், அதாவது எள்ளில் பாதி. திருமுகம் முழுவதும் என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குள் நெற்றி, புருவம், மூக்கு, இதழ், மோவாய் என்று எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு, அது பிசகக் கூடாது. இதழோரத்தில் ஒரு துளி மெழுகு கூடியிருந்தால் புன்னகை சிரிப்பாகியிருக்கும். கூடவில்லை. நூறு வருஷத்துக்கு முன் ஒருவருடைய விரல்நுனி அந்த இடத்தில் நின்று, யோசித்து, விலகிக்கொண்டிருக்கிறது.

மெழுகு என்றேனே, அதுவும் சொல்ல வேண்டியதுதான். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, முதலில் நாச்சியார் மெழுகில்தான் பிறக்கிறாள். அவள்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகத் தடவி, காயவைத்து, மறுபடி பூசி, மூடிவிடுவார்கள். வரட்டி அடுக்கிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். குளிர்ந்ததும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். ஒரு மண்கட்டுக்கு ஒரு திருமேனி. அதே அச்சில் இன்னொன்று கிடையாது. மெழுகில் பட்ட கைரேகையைக்கூட உள்வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நுண்மையானது அந்த முதல் பூச்சு வண்டல். பூதேவி மண்ணின் கருவில் இருந்துதான் வெளியே வந்தாள் என்பதை நினைத்துக்கொண்டு அவள் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். பின்னலின் ஒவ்வொரு பிரியும், பின்னந்தலையில் சிரச்சக்கரத்தின் சின்னச் சின்ன இதழ்களும், யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், அத்தனை நிதானமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த முதுகைப் பார்க்கிற பாக்கியம் திருமஞ்சனம் செய்கிற கைக்கு மட்டும் கிடைக்கும்.

இனி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சட்டென்று பார்த்தால் இரட்டையர்கள். கரண்ட மகுடம் ஒன்றுபோல, தோளில் புரளும் அணி ஒன்றுபோல, ஒசிந்த இடை ஒன்றுபோல. ஆனால் இடம் மாற்றி வைத்துவிட முடியாது. பெருமாளுக்கு வலப்புறம் ஸ்ரீதேவி, இடப்புறம் பூதேவி. நமக்கு அது இட வலமாகத் திரும்பித் தெரிவதால்தான் சின்ன வயசில் நாங்கள் எல்லோரும் தப்பாகச் சொல்லி, “பெருமாளாட்டம் நின்னு யோசிடீ” என்று பெரியம்மாவிடம் செல்லமாகக் குட்டு வாங்கினோம்.

ஸ்ரீதேவியின் இடக்கையில் பூ, வலக்கை தொங்குகிறது. பூதேவியின் வலக்கையில் பூ, இடக்கை தொங்குகிறது. அப்படியென்றால் சரியாக எழுந்தருளப் பண்ணியிருக்கும்போது பூ ஏந்திய கைகள் இரண்டும் பெருமாள் பக்கம். வெறுங்கைகள் இரண்டும் வெளிப்பக்கம். இந்த ஏற்பாட்டின் அழகை நான் புரிந்துகொண்டது நாற்பது வயதுக்கு மேல்தான். மூவரையும் சேர்த்துப் பார்த்தால், நடுவில் மலர்களின் ஒரு நெருக்கம். ஓரங்களில் காற்றாட விட்ட இரண்டு கைகள். மாற்றி வைத்துப் பாருங்கள், இரண்டு பூக்களும் பெருமாளுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கும்.

ஸ்ரீதேவியின் பூ தாமரை. பூதேவியினது நீலோற்பலம், கருங்குவளை. தாமரை மொட்டு உருண்டு நிற்க, குவளையின் இதழ்கள் கொஞ்சம் ஒடுங்கி, கூராக நீளும். இன்னொரு வேற்றுமையும் உண்டு. ஸ்ரீதேவியின் மார்பில் மெல்லிய கச்சு ஒன்று குறுக்கே ஓடும். பூதேவிக்குக் கச்சு கிடையாது, ஆரங்கள் மட்டும். விக்ரகக் கலையைப் பற்றி எழுதிய கோபிநாத ராவ் போன்றவர்கள் இதையெல்லாம் அடையாளக் குறிப்பாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பட்டியல் மறந்துவிடும், அந்தக் கச்சு மறக்காது. நூலிழையை விடச் சற்றே தடித்த ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனால் அதன் கீழ்விளிம்பில் விழும் நிழல் ஒரு மைக்கோடு போல அத்தனை சுத்தமாக இருக்கும்.

தொங்கும் கையைக் கொஞ்சம் பார்க்கலாம். லோல ஹஸ்தம் என்பார்கள். பசுவின் வால் போல, எந்த முயற்சியும் இல்லாமல் தானாகக் கனத்துத் தொங்க வேண்டும். ஆனால் செய்வதில் இதைவிடக் கஷ்டமான கை இல்லை என்றே நினைக்கிறேன். ஏந்துகிற கைக்கு வேலை இருக்கிறது; அருளுகிற கைக்குச் சைகை இருக்கிறது. இந்தக் கைக்கு ஒன்றுமே இல்லை. பூதேவியின் இடக்கை தோளிலிருந்து இறங்கி, முழங்கையில் ஒரு நூலளவு வெளியே வளைந்து, மணிக்கட்டில் மறுபடி உள்ளே திரும்பி, விரல்நுனிகளில் லேசாக மலர்ந்து முடிகிறது. கைக்கும் இடைக்கும் நடுவே விட்டிருக்கும் அந்த வெற்றிடம் ஒரு நீண்ட மாவிலை போல இருக்கிறது. விளக்கேற்றியதும் அந்த மாவிலை வழியே பின்சுவரின் வெளிச்சம் தெரியும். உலோகத்தைச் செய்தவர் உலோகம் இல்லாத இடத்தையும் செய்திருக்கிறார்.

பூ ஏந்தும் கைக்கு வருவோம். உலோகத்தில் பூவையும் சேர்த்தே வார்த்த திருமேனிகள் உண்டு. இந்தப் பூதேவியிடம் குவளை மொட்டு விரல்களுக்கு மேலே சின்னதாக இருக்கிறது. அதற்குப் பின்னால், கட்டைவிரலும் மற்ற விரல்களும் கூடும் இடத்தில், ஒரு துளை. கடக ஹஸ்தத்தின் துளை. கடுகு நுழையலாம், மிளகு நுழையாது. அது தினமும் ஒரு புதுப் பூவுக்காக விடப்பட்ட இடம். பெரிய திருமேனிகளில் இந்தத் துளை பெரிதாகவே இருக்கும். திருவெண்காட்டில் ரிஷபவாகன தேவரை 1011இலும், அவருக்குத் தேவியை 1012இலும் எழுந்தருளப் பண்ணியதாக அந்தக் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. இருவரும் இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார்கள். அந்தத் தேவியின் வலக்கை இன்றும் ஒரு பூவுக்காகக் குவிந்தபடியே இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் பத்தாம் நூற்றாண்டுப் பார்வதியின் கையும் அப்படித்தான். அவள் உயரம் சுமார் 70 சென்டிமீட்டர். உலகமே கொண்டாடும் அழகி அவள். படத்தில் பார்த்தாலே மூச்சு நிற்கும். ஆனால் எனக்கு முதலில் அந்தக் காலி விரல்கள்தான் தெரியும். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கூடத்து மூலையில், ஆறங்குலப் பூதேவிக்கு ஒரு நாளும் அந்தக் கை காலியாக இருந்ததில்லை.

அந்தத் துளைக்குத் தகுந்த காம்பு எது என்பதில் பெரியம்மாவுக்கு ஒரு தேர்ச்சி. மல்லிகைக் காம்பு குட்டை, நிற்காது. நந்தியாவட்டைக் காம்பு நிற்கும், ஆனால் பால் வடியும். கிள்ளி ஈரத்துணியில் ஒற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். திருத்துழாய்க் கதிர் என்றால் கச்சிதம். கோடையில் வாசல் தொட்டியில் சங்குப்பூ பூத்தால் பூதேவிக்கு அன்று நீலம். குவளைக்கு அது பதில் இல்லைதான், ஆனால் நிறத்தைப் பார்க்கையில் நாச்சியார் மனசு குளிர்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை திருமஞ்சனம். விளக்கையும் தட்டையும் புளி போட்டுத் தேய்க்கலாம், திருமேனிமேல் புளி படக் கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம். “அது பாத்திரமா? உடம்புடீ.” துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட பழைய வேஷ்டித் துண்டு ஒன்று இதற்கென்றே இருக்கிறது. தாம்பாளத்தில் மூவரையும் எழுந்தருளப் பண்ணி, பால், தயிர், தேன், சந்தனம் என்று ஆகி, கடைசியில் குளிர்ந்த தண்ணீர். தண்ணீர் வடிந்த அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே! அணியும் இல்லை, புடவையும் இல்லை, பூவும் இல்லை. கொசுவத்தின் நடு மடிப்பில் ஒரு சொட்டு இறங்கி, மேகலையின் மணிகளில் தயங்கி, பாதத்தின் கொலுசில் நின்று, விழாமல் பளபளக்கும். ஒத்தியெடுக்கும் துண்டு முதலில் முகத்துக்கு, பிறகு தோளுக்கு, பிறகு முதுகுக்குப் போகும். குளித்து வந்த குழந்தைக்குத் துவட்டுகிற அதே வரிசை.

சில வருஷங்களுக்கு முன் பெரியம்மாவுக்குக் கண்புரை முற்றிப்போயிருந்த சமயம், நான் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே இருந்தேன். எதிரில் நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் சொன்னாள். திருமஞ்சனத்தை என்னைச் செய்யச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மூவரையும் துடைத்துத் தாம்பாளத்தில் படுக்கவைத்துவிட்டு, பீடத்தில் கோலத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். முதலில் பெருமாள். அதற்குப் பிறகு ஒரு நாச்சியாரைக் கையில் எடுத்து, கட்டைவிரலை அவள் மார்பின் குறுக்கே மெல்ல ஒரு முறை நகர்த்தினாள். “ஸ்ரீதேவி” என்றாள். வலப்புறம் வைத்தாள். கச்சின் மேடு. நான் வெளிச்சத்தில் குனிந்து தேடிப் பார்க்கிற அந்த நூலிழை, அவள் விரலுக்கு வாசற்படியாக இருந்திருக்கிறது. அடுத்தவளை எடுத்தபோது தடவிப் பார்க்கவேயில்லை. இடப்புறம் வைத்து, ஆள்காட்டி விரலால் துளையைத் தேடி, துளசிக் காம்பை ஒரே முயற்சியில் செருகினாள்.

அதன் பிறகுதான் அந்தத் தேய்மானத்தை நான் ஆசையோடு பார்க்க ஆரம்பித்தேன். மூன்று தலைமுறைக் கைகள் துடைத்துத் துடைத்து, நாச்சிமாரின் மூக்குநுனி கூர் மழுங்கியிருக்கிறது. முழங்கால்களில் கொசுவத்தின் கோடுகள் கரைந்து, வெறும் வழவழப்பாகி, பார்க்க ஆற்றுக் கூழாங்கல் போல இருக்கின்றன. கண்திறந்தபோது பொன்னூசி இழுத்திருக்கக்கூடிய இமைக்கோடு பக்கத்தில் போனால்தான் தெரியும். ஸ்தபதி தந்த கூர்மையின்மேல் வீட்டுப் பெண்கள் ஒரு மென்மையைச் சேர்த்திருக்கிறார்கள். புதிதாக வார்த்த விக்ரகங்களைக் கடைகளில் பார்க்கிறேன், மூக்கும் முழியும் எடுப்பாக, ரொம்பவும் அழகாகவே இருக்கிறார்கள். இந்த மங்கிய புன்னகைக்கு இன்னும் எண்பது வருஷம் வெள்ளிக்கிழமைகள் ஆக வேண்டும்.

கோயிலாழ்வாருக்கு முன்னே ஒரு காமாட்சி விளக்கு. இதை நாம் தினமும் ஏற்றுகிறோம், பார்ப்பதில்லை. அதன் முதுகுத் தகட்டில் இருப்பவள் கஜலட்சுமி: தாமரையில் அமர்ந்தவள், இருபுறமும் தும்பிக்கை தூக்கிய யானைகள். உருவம் ஸ்ரீதேவியுடையது, பெயர் காஞ்சி அம்மனுடையது. பெருமாள் வீட்டிலும் சிவன் வீட்டிலும் ஒருவரும் ஆட்சேபிக்காமல் இந்தச் சுடர் எரிகிறது. பெரியம்மா வீட்டு விளக்கில் இடது யானைக்கு ஒரு தந்தம் வார்ப்பிலேயே விடுபட்டிருக்கிறது. அதனால் அந்த யானை குட்டிபோலத் தெரியும், சின்ன வயசில் அதற்கு நாங்கள் பெயர்கூட வைத்திருந்தோம். திரியை ஏற்றினால் தகடு சூடேறி, பித்தளை மஞ்சள் சிவந்து, கஜலட்சுமி முதலில் ஒளிர்வாள். அவளிடமிருந்து வெளிச்சம் தெறித்துத்தான் உள்ளே நாச்சிமாருக்குப் போகும். மேலே பல்பு எரிந்தால் புருவ நிழல் கண்ணை மூடிவிடும். கீழிருந்து சுடர் வந்தால் கன்னம் நிறைந்து, தாழ்ந்த இமைகளுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் நுழையும். வீட்டில் அம்மனை எழுந்தருளப் பண்ணியிருப்பவர்கள் ஒரு நாள் மின்விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

நவராத்திரியில் கூடத்துக்கே வேறு களை. இதே மாவட்டத்துப் பண்ருட்டி மண்பொம்மைகள் படிப்படியாக ஏறும். அஷ்டலட்சுமி செட்டும், வீணை சரஸ்வதியும், ஒரு கையில் கிளியோடு மீனாட்சியும் காகிதச் சுற்றலிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். மண்பொம்மையின் அழகே வேறு. உலோகத்தில் ஒளி மேலே வழுக்கும். மண்ணில் வண்ணத்துக்குள் இறங்கித் தங்கும். ரோஸ் நிறக் கன்னம், ஒரே வீச்சில் இழுத்த புருவம், மூக்குத்திக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை வைத்த தூரிகைக்கு இரண்டாம் முறை தொட நேரமிருந்திருக்காது, தேவையும் இருந்திருக்காது. தன்னை உடைத்துக்கொண்டு நாச்சியாரைத் தந்த மண், இங்கே தானே நாச்சியாராகி வந்து உட்கார்ந்திருக்கிறது. பெரியம்மா அந்த ஒன்பது நாளும் கோயிலாழ்வாரின் கதவைச் சாத்துவதில்லை. “அவாளும் பார்க்கட்டுமே.”

போன மாசி மகத்துக்குப் போயிருந்தேன். உற்சவர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் சமயம், தெருவே பரபரப்பாக இருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பெரியம்மாவுக்குப் பார்வை நன்றாகவே தெளிந்துவிட்டது; விரல்தான் இப்போது நடுங்குகிறது. கோலம் போட்டுவிட்டு, பூக்குடலையை என் பக்கம் தள்ளி, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டாள். நான் தரையில் அமர்ந்து தலையைத் தாழ்த்தினேன். ஒரு நந்தியாவட்டையை எடுத்து, காம்பைக் கிள்ளி, பாலை ஒற்றினேன். முதல் தடவை வழுக்கியது. “கொஞ்சம் சாய்ச்சு வை, அவ பிடிச்சுப்பா” என்றாள் பெரியம்மா. சாய்த்து வைத்தேன். வெள்ளைப் பூ ஒருமுறை ஆடி, பூதேவியின் விரல்களுக்குள் நின்றது.